தேய்மானம் என்ற சொல்

என் கிளினிக்குக்கு வருகிறவர் வாய் திறப்பதற்குள் பாதி விஷயம் வாசலிலேயே தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றும் விதத்தைத்தான் சொல்கிறேன். இடுப்புப் பிடித்தவர் குனிய மாட்டார்; சுவரில் கை ஊன்றி, ஒரு காலால் மறுகாலின் செருப்பை மிதித்துத் தள்ளுவார். முழங்கால்காரர் வார் வைத்த செருப்பைக் கைவிட்டு வருடக்கணக்காகியிருக்கும். குதிகால் வலிக்காரர், "போட்டுட்டே வரலாமுங்களா?" என்று கேட்டு நிற்பார். தோள் இறுகியவருக்குச் செருப்பில் சிரமமில்லை. தோளில் மாட்டிய பையை இறக்கத்தான் மறு கை துணைக்கு வரும். திருப்பூரில் 22 வருடமாக இந்த வாசலைப் பார்த்தே மேஜை போட்டிருக்கிறேன். வாஸ்து பார்க்க வந்தவர் மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னார். முடியாதென்று சொல்லிவிட்டேன்.

செருப்புக்கு அடுத்தது கட்டைப்பை. ஏதாவது ஜவுளிக்கடையில் கொடுத்ததாக இருக்கும். அதிலிருந்து எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். உட்காருவதற்கு முன்பே தீர்ப்பும் வந்துவிடும்.

"தேய்மானமுங்க."

பெயர், வயது, என்ன வேலை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் கனம் உண்டு. பனியன் கம்பெனியில் எல்லாம் தேயும். ஓவர்லாக் மிஷினில் லூப்பர் தேயும், துணியைத் தள்ளும் பல் தேயும், நிட்டிங் மிஷினில் ஊசி தேயும். தேய்ந்ததை மாற்ற வேண்டும். மாற்றும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும். அதே கணக்கைத் தங்கள் முட்டிக்கும் முதுகுக்கும் போட்டுக்கொள்கிறார்கள். நடந்தால் இன்னும் தேயும், ஆகவே நடக்கக் கூடாது. குனிந்தால் இன்னும் விலகும், ஆகவே குனியக் கூடாது. மிஷினுக்கு அது சரியான யோசனை. லூப்பர் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது. தசையும் தசைநாரும் எலும்பும் சுமை கொடுத்தால் தடிக்கும், சும்மா வைத்தால் மெலியும். மாவுக்கட்டுப் பிரித்த காலைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரத்தில் கெண்டைச் சதை எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மிதிக்கும்போது பிழியப்பட்டு, காலைத் தூக்கும்போது மூட்டுநீரை உறிஞ்சி, அப்படித்தான் அது சாப்பிடுகிறது. முட்டியை அசைக்காதே என்பது அதைப் பட்டினி போடச் சொல்வது.

இன்னொரு சொல் ஜவ்வு. டிஸ்க், மெனிஸ்கஸ், லிகமென்ட், குருத்தெலும்பு நான்கையும் நம் ஊர் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டது. எந்த ஜவ்வு என்று கேட்டால், "ஜவ்வுதானுங்க" என்று பதில் வரும், கொஞ்சம் கோபத்தோடு.

நான் பிபிடி படித்தது 1990களின் கடைசியில். நான்கு வருடப் படிப்பு, அதன்பின் ஆறு மாதப் பயிற்சி. அப்போது பிசியோதெரபி என்றால் பக்கவாதம், போலியோ என்றுதான் உறவுக்காரர்களுக்குத் தெரியும். அதில் தப்பும் இல்லை. 1950களில் பம்பாயில் போலியோ பரவிய பிறகுதான் இந்தியாவில் இந்தப் படிப்பு வேர்விட்டது. முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியை வேலூர் மேரி வர்கீஸின் கதையைச் சொன்னார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமாக இருந்தவர். நானும் அப்படி ஏதாவது செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. நான்கு கட்டில், நான்கு திரை, கரண்ட் மிஷின் இரண்டு, அல்ட்ராசவுண்ட் ஒன்று, மெழுகு உருக்கும் தொட்டி ஒன்று. மேலே இருந்து வரும் சீட்டிலேயே '10 நாள்' என்று எழுதியிருக்கும். இடுப்போ கழுத்தோ முட்டியோ, எல்லாவற்றுக்கும் பத்து நாள்தான். பட்டையை ஒட்டி, பொத்தானை அழுத்தி, அடுத்த திரைக்குப் போக வேண்டும். எத்தனை பேருக்கு வைத்தேன் என்று மாலையில் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன் என்று அந்த நோட்டில் ஒரு கட்டமே கிடையாது.

கரண்ட் வைத்தால் இதமாக இருக்கும், அது பொய்யில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதோடு இருபது நிமிஷம் படுத்துக்கிடக்கலாம். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கும் பெண்ணுக்கு, யாரும் கூப்பிடாமல் இருபது நிமிஷம் படுக்கக் கிடைப்பதே பெரிய வைத்தியம். ஆனால் அந்தக் குறுகுறுப்பு தசைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காது. அல்ட்ராசவுண்டும் முதுகுவலியில் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்தாம் நாள் கிளம்பும்போது கையில் ஒரு காகிதம் கொடுப்போம். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து முகம் கறுத்துப்போன ஒரு வெள்ளைக்காரர், அரைக்கால் சட்டையோடு ஒரு காலைத் தூக்கிப் படுத்திருப்பார். புடவைக்கார அம்மா ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவம், இவருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

அந்த அறையில்தான் ஒரு தோளை என் கையாலேயே கெடுத்தேன். அவர் செக்கிங் வேலை பார்ப்பவர், 52 வயது, சர்க்கரை உண்டு. தோள்வலி வந்து இரண்டு மாதம். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. படிப்பில் முதல் வகுப்பு வாங்கிய தைரியத்தில் நான் அந்தக் கையைப் பிடித்து மேலே தள்ளினேன். "வலிச்சாத்தாங்க விடும்" என்று வேறு சொன்னேன். மூன்று நாள் தள்ளினேன். நான்காம் நாள் அவர் வரவில்லை, மகள் வந்தாள். "எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. நீங்க வைத்தியம் பாக்கறீங்களா, பழி வாங்கறீங்களா?" வரவேற்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

அந்த நோய்க்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1934இல். 40 முதல் 60 வயதுக்குள் வரும்; சர்க்கரைக்காரர்களை அதிகம் தேடி வரும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கி, பிறகு தடித்துச் சுருங்கிவிடும். முதல் சில மாதங்கள் வலி ஆளும். பிறகு வலி குறைந்து இறுக்கம் ஆளும். அதன்பின் மெல்ல மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும். நான் தள்ளியது வலி ஆளும் காலத்தில். நெருப்பில் விசிறிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்று வாளிக் கயிறு மாதிரி தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது. அதுவும் காட்மன் சொன்னதுதான். தூக்கமே இல்லையென்றால் மருத்துவரிடம் அனுப்பி மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வேன்; சர்க்கரை சில நாள் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்து. தள்ளுவதும் இழுப்பதும் இறுக்கக் காலத்துக்கு.

எது எந்தக் காலம் என்று கைதான் சொல்லும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். நல்ல தோள் கதவு மாதிரி திறக்கும். உறைந்த தோள் பத்து டிகிரியில் நின்றுவிடும். அந்த நிற்பதில் வித்தியாசம் இருக்கிறது. எலும்போடு எலும்பு முட்டினால் டக்கென்று நிற்கும். பயத்தில் தசை பிடித்துக்கொண்டால் பிடியில் ஒரு நடுக்கம் இருக்கும், பேச்சுக் கொடுத்தால் விட்டுவிடும். உறை சுருங்கியிருந்தால் பழைய தோல் வாரை இழுத்த மாதிரி, கொடுப்பது போலக் கொடுத்துக் கொடுக்காமல் நிற்கும். இதைப் புத்தகத்தில் படிக்கும்போது புரிந்த மாதிரி இருந்தது. கைக்குப் புரிய ஐந்து வருடம் ஆயிற்று.

சொந்தக் கிளினிக் போட்ட பிறகு வந்த ஓவர்லாக் டைலர் ஒருவர், அந்த மகளுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை எனக்கே சொல்லிக்கொடுத்தார். லைன் வீட்டில் குடியிருந்தார். கொண்டை போடக் கை எட்டவில்லை. "ஊட்டுக்காரருதானுங்க சடை பின்னி உடறாரு. மூணு பிரிய ரெண்டு பிரியா பின்னறாரு" என்று அழுதுகொண்டே சிரித்தார். வலிக் காலம் தாண்டியிருந்தது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறச் சொன்னேன். எட்டிய இடத்தில் தினமும் ஒரு கோடு போடச் சொன்னேன். அவர் டைலர் சாக்கில் கோடு போட்டார். தினமும் இஞ்ச் டேப்பால் அளந்தார். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சிக்கும் டேப்தான். "இந்த வாரம் ஒண்ணரை இஞ்சு ஏறிருக்குதுங்க. போன வாரம் முக்கால் இஞ்சுதான். போன வாரம் கம்பெனில நைட்டு இருந்துச்சு." நான் டிகிரி அளக்கும் கோணமானியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். என் டிகிரி அவருக்குப் புரியாது. அவருடைய இஞ்சு எனக்குப் புரிந்தது. வீட்டு ஓனர் சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டாராம். "வாடகை குடுக்கறனில்லீங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார். பதினோரு மாதத்தில் கொண்டை போட்டார்.

வலியை அளப்பதிலும் இதே கதைதான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கேட்டால் பெரியவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள், இல்லாவிட்டால் "பத்துக்கு நூறு" என்பார்கள். "ரூபாய்க்கு எத்தனை பைசாங்க?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். "வந்தப்ப எம்பது இருந்துச்சுங்க. இப்ப ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு." பயிற்சி செய்யும்போது நாற்பது பைசா வரைக்கும் வலிக்கலாம், அடுத்த நாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது அதிகம். நான் கொடுக்கும் விதிகளில் இது ஒன்றுதான் எல்லா மூட்டுக்கும் பொது.

வலிக்கும்போதே பயிற்சி செய்யலாம் என்பதை நான் நம்பியதற்கு ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் காரணம். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர். குதிகால் நரம்பென்று நாம் சொல்லும் அக்கிலீஸ் தசைநாரில் அவருக்கே தீராத வலி. அறுவை செய்யக் கேட்டிருக்கிறார், மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. நாரே அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, அதை அறுப்பதற்காகவே வலியோடு வலியாகக் குதிகாலை இறக்கி ஏற்றிப் பயிற்சி செய்தாராம். நார் அறுபடாமல் வலி போய்விட்டது. 1998இல் அதை ஆய்வாக வெளியிட்டார்: படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது, ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 ஓட்டக்காரர்கள் செய்தார்கள், 15 பேரும் திரும்ப ஓடினார்கள். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு வீம்பான தொடக்கம் உள்ளது வேறு எனக்குத் தெரியாது.

அதே கணக்கைக் கட்டிங் மாஸ்டர் ஒருவரின் முழங்கைக்குப் போட்டேன். அவருக்கு வந்தது 'டென்னிஸ் எல்போ'. இத்தனை வருடத்தில் டென்னிஸ் ஆடி வந்தவர் ஒருவர்தான். மீதி எல்லாம் கத்தரி பிடித்தவர்கள், துணி பிழிந்தவர்கள், பரோட்டா மாவு அடித்தவர்கள். முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மறு கையால் தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மெதுவாக இறக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் இறக்கினால் செல்லாது. மூன்றாவது வாரம் வந்து, "வலி போகலீங்க, ஆனா பாட்டில் பத்தலீங்க" என்றார். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாற்றினோம். வலி போவதற்கு முன்பே பலம் வந்துவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதுகுதான் பெரிய தலைவலி. லோடுமேன் ஒருவர், 34 வயது. துணி ரோல் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் கீழ் முதுகில் ஒரு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. "ஜவ்வு விலகிடுச்சு, இனி ஜென்மத்துக்கும் குனியாதே" என்று எங்கோ யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் பெல்ட் போட்டுக் கட்டிலில் கிடந்தார். என்னிடம் வந்தபோது வலி முப்பது பைசாதான். பயம்தான் முழு ரூபாய். மேஜையிலிருந்து பேனாவைக் கீழே போட்டு எடுத்துத் தரச் சொன்னேன். பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூட வந்த எட்டு வயது மகளைப் பார்த்தார். அவள் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் மூன்று மாதமாக அதுதான் நடக்கிறதென்று புரிந்தது.

டிஸ்க் என்பது கைநழுவி ஓடும் சோப்பு இல்லை. மேலும் கீழும் எலும்போடு ஒட்டி வளர்ந்தது. ஓரத்தில் பிதுங்கும், பலருக்குப் பிதுங்கியிருப்பதே தெரியாது. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது. முடி நரைப்பது மாதிரி அது. பிதுங்கல் நரம்பை அழுத்திக் காலில் மின்னல் மாதிரி இழுக்கும் வலியே வந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ அடங்கிவிடும். படுத்துக்கிடப்பதைப் பற்றியும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1986இல் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவர் ஒரு பிரிவினரை இரண்டு நாளும் இன்னொரு பிரிவினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார். குணமானதில் வித்தியாசமில்லை, இரண்டு நாள்காரர்கள் வேலைக்கு லீவு போட்டதுதான் 45 சதவீதம் குறைவு. என் நோயாளிகளில் பலர் பிறப்பதற்கு முன்பே வந்த முடிவு இது. இன்னமும் மூன்று மாதம் படுத்துவிட்டு வருகிறார்கள்.

அந்த லோடுமேனுக்கு நான் எதையும் நிரூபிக்கவில்லை. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கால் கட்டைவிரலைத் தொட்டார். வேர்த்துவிட்டது. பிறகு நின்றபடி முட்டியைத் தொட்டார், கெண்டையைத் தொட்டார். இரண்டாம் வாரம் பேனாவை எடுத்தார். அப்புறம் இரண்டு லிட்டர் பாட்டில், ஐந்து கிலோ சர்க்கரைப் பை, பத்துக் கிலோ, கடைசியில் 25 கிலோ அரிசிச் சிப்பம். அதை என் கிளினிக்கில் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் நான் மளிகையும் ஆரம்பித்துவிட்டதாக நினைத்தார். நடுவில் ஒரு வாரம் பழையபடி பிடித்துக்கொண்டது. பத்துக் கிலோவிலிருந்து ஐந்துக்கு இறங்கித் திரும்ப ஏறினோம். நான்காம் மாதம் வேலைக்குப் போனார். பெல்ட்டை மட்டும் விடவில்லை. வண்டியில் மாட்டி வைத்திருக்கிறாராம், திருஷ்டிக்கு மாதிரி.

எல்லா முதுகும் இப்படி இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு, கதவடைக்கும் நேரம். நிட்டிங் மிஷின் ஓட்டுபவர், இரண்டு காலிலும் வலி. கரண்ட் வைத்தால் போதும் என்று வந்தவர். பேச்சோடு பேச்சாக, "உக்கார்ற எடம் மரத்த மாதிரி இருக்குதுங்க. காலைல இருந்து ஒண்ணுக்கும் சரியா வர்லீங்க" என்றார். நான் தொடவே இல்லை. ஸ்கேன் எடுக்கும் வசதியும் நரம்பு அறுவை மருத்துவரும் உள்ள இடத்துக்கு அந்த இரவே போக வேண்டும் என்று சொல்லி, அவர் தம்பியை வரவழைத்து, கோயம்புத்தூருக்குக் கார் ஏற்றிவிட்டேன். தண்டுவடத்தின் வால்பகுதி நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது நாள் கணக்குப் பார்க்க முடியாது, மணிக் கணக்கு. ஞாயிறு காலையில் அறுவை முடிந்தது. காலில் பலம் குறைந்துகொண்டே போவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, காய்ச்சலோடு முதுகுவலி, படுத்தால்கூட அடங்காத ராத்திரி வலி, இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் நான் கையை எடுத்துவிடுவேன்.

சுளுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள், எண்ணெய் போட்டு இழுப்பார்கள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் இழுப்பதுதான் என் ஒரே சண்டை. நாங்களும் ஒன்றும் ஒழுங்கில்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, தூக்கி வை என்ற நான்கு கட்டளையை 1978இல் எழுதிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே பிற்காலத்தில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்வாங்கிவிட்டார். நாங்கள் அதுவரை எத்தனை கணுக்காலை உறைய வைத்தோமோ. இப்போது வலிக்குக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு சரி. முடிந்த அன்றே காலை ஊன்றி நடக்கவும், பிறகு ஒற்றைக் காலில் நிற்கவும் சொல்கிறேன். பல் விளக்கும் நேரம் ஒற்றைக் காலில்.

பல் விளக்கும் நேரம், தோசை ஒரு பக்கம் வேகும் நேரம், சீரியலில் விளம்பரம் வரும் நேரம். நான் சொல்லும் மருந்துச் சீட்டு இப்படித்தான் இருக்கும். 'மூன்று வேளை, பத்து முறை' என்று எழுதிக் கொடுத்த காலத்தில் யாரும் செய்யவில்லை. "செஞ்சேனுங்க" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். குதிகால் வலிக்காரரைத் தோசைக்கல் முன் நிற்க வைத்து, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னால் நாலு தோசைக்குள் அன்றைய பங்கு முடிந்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளைப் பற்றிக் கேட்பார்கள். வலியில்லாத கால்களிலும் அந்த முள் உண்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பேன்.

கரண்ட் மிஷின் ஒன்று இன்னமும் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால், "அந்தம்மா சும்மா கைகாலை ஆட்டச் சொல்லிக் காசு வாங்குது" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். போயும் இருக்கிறார்கள், வாடகை கட்ட நகை வைத்த மாதங்கள் உண்டு. கேட்டால் வைக்கிறேன். பயிற்சி செய்து முடித்த பிறகு, பத்து நிமிஷம். இது சுகத்துக்கு, குணத்துக்கு இல்லை என்று சொல்லித்தான் வைக்கிறேன். அவர்கள் எனக்காகப் பயிற்சியும் தங்களுக்காகக் கரண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள் போல.

போன வருடம் 63 வயது அம்மா ஒருவர் வந்தார். இரண்டு முட்டியும் தேய்மானம். மாற்றச் சொல்லியிருந்தார்கள். மூட்டு மாற்று அறுவையை நான் குறை சொல்ல மாட்டேன், நானே அனுப்பிவைத்தவர்கள் நன்றாக நடக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் மோசமான முட்டி வலிப்பதில் மோசமாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. இவர் தினமும் பால் சொசைட்டிக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார். தரையில் உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது என்று சொன்ன பிறகுதான் நின்றுபோனது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். முட்டி சரியாக வேண்டும் என்று சொல்லவில்லை.

"பழனிக்குப் படியில ஏறோணும் கண்ணு. பேரன் பொறந்தா வர்றேன்னு வேண்டிக்கிட்டது. அவனுக்கே இப்ப ஏழு வயசாச்சு."

நாற்காலியில் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு உயரம் ஏற்றினோம். கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் ஆறு தடவை. வாரம் ஒரு மடிப்பைக் குறைத்தோம். தொடைக்குப் பலம் வந்தால் முட்டிமேல் விழும் பளு பிரியும். எடையும் நாலு கிலோ குறைத்தார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ மிச்சம் என்று சொன்னதைக் கேட்டு, ராத்திரிச் சோற்றில் கைவைத்தார். அடுத்தது மொட்டை மாடிப் படி, 18. பழனிக்கு 693 என்று பேரன் கணக்குப் போட்டுச் சொன்னானாம், முப்பத்தெட்டரை மாடி. ஐந்து மாதம் ஆயிற்று. தைப்பூசக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தோம். அந்தச் சமயத்தில் எனக்கும் பாதயாத்திரை போய் வந்த கால்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். ஏறுங்கள், இறங்கும்போது மட்டும் விஞ்ச்சில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம்.

மலைமேல் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு அடிவாரத்திலிருந்து போன் வந்தது.

"ஏறிட்டேன் கண்ணு."

"முட்டி எப்படிங்கம்மா இருக்குது?"

"அது கெடக்குது. ரூவாய்க்கு முப்பது பைசா. ஒம்பது எடத்துல உக்காந்தேன். இடும்பங்கிட்ட சித்த சேத்தி உக்காந்தேன்."

"இறங்கறப்ப விஞ்ச்சுலதான வந்தீங்க?"

"அதுலதான் வந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல. என்ற ஊட்டுக்காரருக்குத்தான். இவரு மேல போறதுக்கும் விஞ்ச்சுதான். வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னு இடுப்புப் புடிச்சுக்கிச்சாம். ஊருக்குப் போனதும் ஸ்கேன் எடுக்கோணும்ங்கறாரு."

"ஸ்கேன் எல்லாம் வேண்டாமுங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்."

"கேட்டுக்கிட்டீங்களா, நாளைக்கு வரச் சொல்லுது" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"கரண்ட் வெப்பாங்களான்னு கேளு."